புரட்டாசியில் நடுவோம்

ஆடி மாதத்தில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்திலிருந்து கிழக்கே, தேரி எனப்படும் செம்மணல் மேட்டுப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலையாளக் கரையிலும் பொதிகை உச்சியிலும் இறக்கிவிட்டு, கணவாய் வழியாக வெறுங்காற்றாக இங்கே வந்து சேரும். கண்ணைத் திறந்து நடக்க முடியாது. செம்மணல் பறந்து வேலியோரம் குவியும். நேற்று இருந்த வண்டித்தடம் இன்று இருக்காது. பனையோலைகள் ஒன்றோடொன்று உரசுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தூக்கத்திலும் கூடவே வரும்.

இந்தக் காற்று கிளம்புகிற நேரத்தில்தான், ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று, இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் மரக்கன்று நடுகிறார்கள்.

நான் படித்த கல்லூரியிலும் நட்டோம். முதல் நாளே குழி வெட்டி, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, விருந்தினர் வந்து கன்றை இறக்கி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடியும் குழி வெட்டச் சொன்னார்கள். முதல் ஆண்டு வேம்பு, மறு ஆண்டு புங்கன், மூன்றாம் ஆண்டு பெயர் தெரியாத ஒரு பூமரம். மூன்றும் அந்த ஒரே குழியில்தான் காய்ந்தன. அந்த மூன்று கன்றுகளையும் யாரோ ஒருவர் நாற்றங்காலில் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்திருப்பார் என்று இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

யாரிடமும் அக்கறைக்குக் குறைவில்லை. குழி வெட்டிய மாணவர்களும் சரி, முன்னின்று நடத்திய பேராசிரியரும் சரி, மனதாரத்தான் செய்தார்கள். தேதிதான் தப்பு.

ஜூன் 5 எங்கிருந்து வந்தது? 1972-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சுற்றுச்சூழல் பற்றி ஐ.நா. கூட்டிய மாநாடு அன்றுதான் தொடங்கியது. அதை நினைவில் வைத்து உலகச் சுற்றுச்சூழல் நாள் ஆக்கினார்கள். உலகத்துக்குப் பொதுவாக ஒரு நாள் இருப்பது நல்லதுதான். அன்றைக்குப் பேசலாம், படிக்கலாம், உறுதிமொழி எடுக்கலாம். ஆனால் கன்று நடுவதற்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 65 செ.மீ.யை ஒட்டித்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வருவது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் இங்கே காற்று மாதங்கள். அப்போது நட்ட கன்று நான்கு மாதம் காற்றோடும் வெயிலோடும் மல்லுக்கட்டிவிட்டுத்தான் முதல் மழையைப் பார்க்க வேண்டும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொல்லவில்லையா என்று கேட்கலாம். ஆனியிலும் ஆடியிலும் ஆற்றில் தண்ணீர் வருகிற ஊருக்கு அது சரி. தாமிரபரணிக் கால்வாய் பாயும் வயலும், குற்றாலத்துச் சாரல் எட்டும் தென்காசிச் சீமையும் ஆடிப்பட்டத்தில் விதைக்கும். மழையை மட்டும் நம்பிய கோவில்பட்டிக் கரிசல்காட்டுச் சம்சாரி புரட்டாசிப் பட்டத்துக்குத்தான் காத்திருப்பார். சாத்தான்குளத்துச் செங்காட்டுக்கும் அதுவே கணக்கு.

செம்மண்ணில் ஒரு பள்ளி

இந்தியாவில் மரம் நடுவதைக் கல்விக்கூடத்தின் திருவிழாவாகவே ஆக்கியவர் ரவீந்திரநாத் தாகூர். அவர் பள்ளி நடத்திய சாந்திநிகேதன் இருப்பதும் ஒரு செம்மண் காட்டில்தான். வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், மழை அரித்து அரித்துக் குழிந்துபோன செந்நிலம் அது. 1863-இல் அவருடைய தந்தை தேவேந்திரநாத் அந்த இடத்தை எடுத்தபோது, நிழலென்று சொல்ல அங்கே இருந்தவை இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள் என்பார்கள். 1901-இல் பள்ளி, 1921-இல் விசுவபாரதி. 1928-இல் தாகூர் மரநடு விழாவைத் தொடங்கினார். பாட்டும் ஊர்வலமுமாகக் கன்றைச் சுமந்து வந்து நட்டார்கள். அவர் மறைந்த நாளான வங்க மாதம் சிராவணம் 22 அன்று இன்றும் அங்கே மரம் நடுகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தை ஒட்டி வரும் அந்த நாளில் வங்காளம் மழையில் ஊறிக் கிடக்கும். பட்டம் பெறுகிற மாணவர் கையில் ஏழிலைப்பாலை இலையைக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. 

1950-இல் மத்திய வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி நாடு முழுவதற்குமாக வனமகோத்சவம் என்ற மரநடு விழாவைத் தொடங்கியபோது ஜூலை முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். வடக்கே அது மழை தொடங்கும் வாரம். அங்கே பொருந்தும். நாமோ ஜூனிலும் நட்டோம், ஜூலையிலும் நட்டோம். நமக்கென்று ஒரு மழை இருப்பதைத்தான் விழாக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டுவிட்டோம்.

நடுவதைவிடக் காப்பது பெரிது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகர நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. 360 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலம் ஆடுமாடு மேய்ந்தும் விறகுக்கு வெட்டியும் மொட்டையடிக்கப்பட்டிருந்தது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் தன் மனைவியோடு சேர்ந்து மரங்களை நட்டார். அதோடு மேய்ச்சலும் வெட்டும் நின்றதால், மண்ணுக்குள் உயிரோடு கிடந்த வேரும் விதையும் தாமாகவே எழுந்து வந்தன. இன்று அந்த வளாகத்தில் இருப்பது தோட்டமும் காடும் கலந்த ஒரு புதர்க்காடு. வேதியியல்காரர் ஒருவர் இதைச் செய்தார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நம்பிக்கை தருகிறது. தாவரவியல் துறை இல்லாத கல்லூரியும் இதைச் செய்யலாம்.

காட்டுக்கு நடுவிலேயே கட்டப்பட்ட வளாகம் சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் கிண்டிக் காட்டை ஒட்டி அது எழுந்தபோது புள்ளிமானும் வெளிமானும் அங்கே குடியிருந்தன. பிற்காலத்தில் செத்துப்போன மான்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. எத்தனை ஆயிரம் மரம் நின்றாலும், விடுதிச் சாப்பாட்டுக் கழிவைப் பையில் கட்டி எறிந்தால் நடப்பது இதுதான்.

45 லிட்டர் கணக்கு

சாத்தான்குளத்தில் பெண்களுக்கென்று அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் திருச்செந்தூர், நாசரேத், தூத்துக்குடி, பாளையங்கோட்டை என்று பழைய கல்லூரிகளும் புதிய கல்லூரிகளும் நிறைய. எந்த வளாகத்தை எடுத்துக்கொண்டாலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கணக்கு. பகல்நேரக் கல்லூரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. ஆயிரம் பேர் படிக்கிற கல்லூரிக்கு நாளைக்கு 45,000 லிட்டர். ஆண்டுக்கு 180 வேலை நாள் என்றால் 81 லட்சம் லிட்டர்.

இனி மொட்டைமாடிக்கு வருவோம். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் 65 செ.மீ. மழை விழுந்தால் ஆறரை லட்சம் லிட்டர். வழிந்ததும் ஆவியானதும் போக ஐந்து லட்சம் மிஞ்சும் என்று வையுங்கள். அது பதினோரு நாள் செலவுக்குத்தான் வரும். கட்டடத்துக்குக் கட்டடம் மழைநீர்க் குழாய் மாட்டிவிட்டோம் என்று திருப்திப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகி இருபது ஆண்டு தாண்டிவிட்டது. குழாய் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழியில் மணல் அடைத்திருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தோம்?

அதே கல்லூரிக்குப் பத்து ஏக்கர் இடம் இருந்தால், அந்த நிலத்தில் ஆண்டுக்கு விழுவது இரண்டரைக் கோடி லிட்டருக்கு மேல். கல்லூரியின் தேவையைப்போல மூன்று மடங்கு. கூரையைவிடத் தரைதான் பெரிய பாத்திரம். தேரி மண் அதற்கென்றே அமைந்தது. மணல் என்பதால் விழுந்த தண்ணீரைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். குதிரைமொழித் தேரியின் நடுவில், அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் சுனையும் சோலையும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் செம்மணல் மேடு, நடுவே தண்ணீர். சாத்தான்குளம் என்ற பெயரிலேயே ஐயனாரைக் குறிக்கும் சாத்தன் என்ற சொல்லையும் ஒரு குளத்தையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட மண்மேல் வாசலிலிருந்து அலுவலகம் வரை பேவர் பிளாக் பதிக்கிறோம். நடக்கிற பாதைக்கு வேண்டும்தான், முழு முற்றத்துக்கும் எதற்கு? புல்தரை இன்னும் மோசம். நிலத்தடியில் உப்புநீர் ஏறிக்கொண்டிருக்கிற உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்தில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்துப் புல்லுக்கு ஊற்றுவதைப் பசுமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வட்டாரத்துக்கு ஆற்றுத் தண்ணீரின் மிச்சம் வந்து சேர எவ்வளவு காலம் ஆனது என்பதையும் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். தாமிரபரணி வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போவதைத் தடுத்து, கன்னடியன் கால்வாயில் வெள்ளாங்குழியிலிருந்து சுமார் 75 கி.மீ. தூரம் கால்வாய் வெட்டி, கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் இணைத்து, சாத்தான்குளம் திசையன்விளை வறட்சிப் பகுதியில் எம்.எல்.தேரி வரை கொண்டுவரும் திட்டம் 2009-இல் தொடங்கியது. 2025 பிப்ரவரியில்தான் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பதினாறு ஆண்டு. அந்தக் கால்வாய் ஓடும் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற கல்லூரியில், எந்த மாதம் எந்தக் குளம் எவ்வளவு நிரம்பியது என்ற பதிவேடு ஒன்று இருந்தால் அதைவிட நல்ல ஆய்வகம் எது?

வறட்சி மட்டும் நம் கதை அல்ல. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அதிகம், ஒரே நாளில். ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்த அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. பதினொரு மாதம் காயவும் ஒரு நாளில் மூழ்கவும் தயாராக இருக்கிற வளாகம்தான் இந்த ஊருக்கு வேண்டும். தண்ணீர் போக ஓடையும், போய்த் தங்கக் குட்டையும் விட்டுத்தான் கட்டடம் எழும்ப வேண்டும்.

பனங்கொட்டைக்கு விலையில்லை

எதை நடலாம்? தேரிக்காட்டில் கேட்கவே வேண்டாத கேள்வி. 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பக்கத்து வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பிள்ளைகளின் தாத்தாவோ அப்பாவோ பனையேறியவர். விடிலிக் குடிசையில் அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிய வருமானத்தில்தான் பல வீடுகளில் முதல் பட்டதாரி உருவானார். அந்த மரத்துக்குக் கல்லூரி வளாகத்தில் இடமில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. வாசலில் நெட்டிலிங்கம் வரிசையாக நிற்கும். பனை வேலிக்கு வெளியே நிற்கும்.

பனை முளைக்கிற விதத்தைப் பாருங்கள். கொட்டையை மண்ணில் பதித்தால் அது முதலில் மேலே வராது. கீழே போகும். முளை மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு கட்டி, வேரைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் முதல் ஓலை தலை காட்டும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த முளைதான். அதனால் கன்றாகப் பிடுங்கி நடுவதைவிடக் கொட்டையாகப் போடுவதே நல்லது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். ஒரு முழம் குழியில் கொட்டையைப் போட்டு மூடிவிட்டால் ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் கல்லூரி பூட்டிக் கிடக்கும்போது தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம். வடலி என்கிற இளம்பனை ஆனபின் ஆடிக்காற்றுக்கும் அசையாது.

2021-இல் அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்துக்குப் பக்கத்தில், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடக்கிறது. கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். பனையோடு குடைபோல விரியும் உடைமரம், வேம்பு, ஓடைக்கரையில் மருது. இவை போதும். தேரி முழுவதையும் மரத்தால் மூட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திறந்த செம்மணல் மேடே ஒரு தனி உயிர்ச்சூழல். அதை அள்ளிக்கொண்டு போகாமல் காப்பதும் சுற்றுச்சூழல் பணிதான்.

பெண்கள் கல்லூரி என்றால் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். பசுமை வளாகம் பற்றிய மேடைகளில் இதை யாரும் எடுப்பதில்லை. கடையில் விற்கும் நாப்கின் பெரும்பாலும் பிளாஸ்டிக். கழிவறைக்குப் பின்னால் போட்டு எரித்தால், வெப்பம் போதாமல் நச்சுப்புகைதான் வரும். சாக்கடையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். அள்ளுகிறவர் ஒரு தூய்மைப் பணியாளர், பெரும்பாலும் பெண். உறையில் சுற்றித் தனிக்கூடையில் போடுவது, அதை முறையாக எடுத்துப்போக ஊராட்சியோடு ஏற்பாடு செய்வது, துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினைப் பற்றிக் கூச்சமில்லாமல் வகுப்பில் பேசுவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிவறையில் தண்ணீர் இருப்பது. ஆயிரம் மரத்தைவிட இது அவசரம்.

பாராட்ட மறந்த ஒன்றும் இருக்கிறது. தட்டார்மடத்திலிருந்தும் பேய்க்குளத்திலிருந்தும் முதலூரிலிருந்தும் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு படிக்க வருகிற பெண்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எழுபது பேர் ஒரு பேருந்தில் வருவதால் மிச்சமாகும் எரிபொருளை எந்தக் கல்லூரியும் தன் பசுமைக் கணக்கில் எழுதுவதில்லை. நகரத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் கார் நிறுத்தும் இடத்துக்குச் சூரியத்தகடு கூரை போட்டுப் பரிசு வாங்குகின்றன. நம் பிள்ளைகள் காரே இல்லாமல் வருகிறார்கள். கல்லூரி நேரத்துக்கு இன்னும் இரண்டு பேருந்து விட்டால் அதுவும் சுற்றுச்சூழல் பணிதான்.

கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழுவின் தரமதிப்பீட்டிலும் சுற்றுச்சூழல் வருகிறது. அதற்காகப் பசுமைத் தணிக்கை அறிக்கை தயாராகிறது. தணிக்கை நல்லதுதான். எத்தனை கன்று நட்டோம் என்று கேட்கும் இடத்தில், மூன்று ஆண்டுக்கு முன் நட்டதில் எத்தனை நிற்கிறது என்று கேட்டால் இன்னும் நல்லது. உச்ச நீதிமன்றம் 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் சொன்னதைத் தொடர்ந்து வந்ததுதான் பட்டப்படிப்பில் கட்டாயச் சுற்றுச்சூழல் தாள். அதற்காக ஓசோன் படலத்தை மனப்பாடம் செய்கிற மாணவி, தன் கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து எழுதட்டும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் அதை ஒருங்கிணைக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் விடியற்காலையில் குளக்கரையில் நின்று எண்ணுகிறார்கள். எண்ணிப் பழகியவர்களுக்கு அந்தக் குளம் சொந்தமாகிவிடும்.

இனி, முதல்வர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூன் 5 அன்று கருத்தரங்கு நடத்துங்கள், குப்பையைப் பிரியுங்கள், மழைநீர்க் குழியைத் தூர் வாருங்கள், மஞ்சப்பை கொடுங்கள். நடுவதை மட்டும் செப்டம்பர் 24-க்குத் தள்ளிவையுங்கள். 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிய நாள் அது. 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதும் அதே தேதியில்தான். தமிழ்க் கணக்கில் புரட்டாசி முதல் வாரத்தை ஒட்டி வரும். பருவத்தேர்வு இன்னும் வந்திருக்காது, பிள்ளைகள் வளாகத்தில்தான் இருப்பார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரிக் கல்லூரிகளை இணைத்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

மாணவிகளுக்கு ஒரு சொல். அன்று வரும்போது வீட்டுப் பக்கத்து விளையில் விழுந்து கிடக்கிற பனங்கொட்டையில் இரண்டை எடுத்து வாருங்கள். பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வேலியோரம் பத்தடிக்கு ஒன்றாகக் குழி தோண்டிப் போட்டு மூடுங்கள். அடுத்த புரட்டாசியில் எத்தனை முளைத்தது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.